பெல்ட்டின் வால்

ஃப்ளையிங் கிளப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. பெல்ட்டக்கா என்றால்தான் தெரியும். தலை நரைத்த விமானிகளுக்கும் பெல்ட்டக்கா, முதல்முறையாகப் பறக்க வரும் பொடிசுகளுக்கும் பெல்ட்டக்கா.

வருஷத்தில் ஒருநாள் கிளப்காரர்கள் தங்கள் குட்டி விமானங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவார்கள். விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய், ஏரிக்கு மேலே ஒரு சுற்று காட்டிவிட்டு இறக்கிவிடுவது. காசு கிடையாது. ஓட்டுகிறவரிலிருந்து கார்களை வரிசையில் நிறுத்துகிறவர்வரை எல்லாருமே சொந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பெல்ட்டக்காவின் வேலை, பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டிக் கதவைச் சாத்துவது.

பிழைப்புக்கு அவள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். கார் சீட் உறை தைக்கும் கடை. முன்பக்கம் ரெக்ஸின் சுருள்கள், பின்பக்கம் கனமான தையல் மெஷின், நடுவே எலும்புக்கூடாய்க் கிடக்கும் சீட்டுகள். புதுக் கார்களைவிட அடிபட்ட கார்கள்தான் அதிகம் வரும். கறை படிந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, வேலையில்லாமல் தொங்கும் பெல்ட்டுகளைக் கழற்றிப் போடும்போது அவள் எதையும் கேட்பதில்லை. யார் உட்கார்ந்திருந்தார்கள், பிழைத்தார்களா என்று கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கேட்காவிட்டாலும் பெல்ட் சொல்லிவிடும். நிஜமாகவே ஆளைப் பிடித்து நிறுத்திய பெல்ட்டில் நூல் பொரிந்து, ஒரு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் அவள் விரல் படாமல் மடிப்பாள்.

கிளப்பின் விமான சீட்டுகளுக்கு உறை தைத்துக் கொடுக்கத்தான் முதலில் அங்கே போனாள். பறக்கும் நாளன்று ஒரு பிள்ளைக்கு பெல்ட் தளர்வாக இருப்பதைப் பார்த்து, கை சும்மா இருக்காமல் போய் இழுத்துவிட்டாள். அன்றையிலிருந்து அது அவள் வேலை. ஆனால் இதுவரை ஒருமுறைகூட அவள் ஏறிப் பறந்ததில்லை. கேட்டால், "நானும் ஏறிட்டா கதவை யார் சாத்துறது?" என்பாள். நல்ல சாக்கு.

மகளிடம் மட்டும் அந்தச் சாக்கு செல்லவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. கொஞ்ச வருஷமாகவே அம்மாவோடு வந்து, கார் நிறுத்துமிடத்தில் கொடி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் ஏத்தி விடுவ. உன் புள்ளை மட்டும் வெயில்ல நின்னு கொடி ஆட்டணும். நல்ல நியாயம்மா."

"அடுத்த வருஷம் போகலாம்டி."

"போன வருஷமும் இதான் சொன்ன. நான் கல்யாணம் முடிச்சு, பேரப்புள்ளையோட வர்றேன். அப்ப ஏத்தி விடு."

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா சிரித்துவிட்டார். "போயிட்டு வரட்டுமே. நீ சாத்துற கதவுதானே, அப்புறம் என்ன பயம்?" இந்த வருஷம் மகளின் பெயர் பறக்கும் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டது.

காலையில் ஓடுதளத்தின் ஓரம், மஞ்சள் கோட்டு மாட்டிய எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து ஸ்டேஷன் பேசினார். ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். அன்றைய ஏற்பாடும் ரேடியோவும் அவர் பொறுப்பு. அதனால் ஆளுக்கும் ஸ்டேஷன் என்றே பெயர்.

"வருஷா வருஷம் சொல்றதுதான். இங்க யாரும் ஓடக்கூடாது. டாய்லெட்டுக்குக்கூட நடந்துதான் போகணும். மஞ்சள் கோட்டு போட்ட ஆள் ஓடினா ஆபத்துன்னு அர்த்தம். தரையில நிக்கிற எல்லா எஞ்சினையும் நிறுத்திடணும். அப்புறம், யார் தப்பு பண்ணினாலும் அன்னிக்குக் கோட்டைக் கழட்டிக் கொடுத்துடணும். மறுபடி கேட்கக்கூடாது. சண்டை போடக்கூடாது. நானே பண்ணினாலும் அப்படித்தான்."

"நீங்க பண்ணினா நாங்க யார்கிட்ட குடுக்கிறது சார்?" என்றார் ஒருவர்.

"என் சம்சாரத்துகிட்ட குடுங்க. அவ ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். பெல்ட்டக்காவும் சிரித்துவைத்தாள், கண் மட்டும் வரிசையில் நின்ற விமானங்கள்மேல் இருந்தது.

மகளுக்கு வாய்த்த விமானி ஒரு பல் டாக்டர். அந்த வருஷம்தான் கிளப்பில் சேர்ந்தவர். நல்ல மனிதர், நிதானமானவர். ஆனாலும் புதுசு. பின்சீட்டில் இரண்டு பையன்கள் ஏறினார்கள். முன்சீட்டில், டாக்டருக்குப் பக்கத்தில், மகள்.

பெல்ட்டக்காவின் கைக்கு ஒரு வரிசை உண்டு. பூட்டு. நுனியைப் பிடித்து இழு. இழுத்ததில் மிஞ்சும் வாலை மடித்துத் தொடைக்கடியில் சொருகு. கையை உள்ளே வைக்கச் சொல். கதவைச் சாத்து. கைப்பிடியை ஆட்டிப் பார். விமானிக்குக் கட்டைவிரல் காட்டு. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துகொண்டு போகும்.

அன்றைக்குக் கை இழுப்பதிலேயே நின்றுவிட்டது. இழுத்தாள். போதவில்லை என்று பட்டது. மறுபடி இழுத்தாள். கடையில் கழற்றிப் போட்ட பெல்ட்டுகளெல்லாம் கண்ணுக்குள் வந்து தொங்கின. இன்னும் ஒரு இழுப்பு.

"அம்மா, நான் மூச்சு விடணும்மா. சூட்கேஸ் கட்ற மாதிரி கட்ற."

"அக்கா, நான் பல்லு புடுங்கும்போதுகூட இவ்வளவு இழுக்கமாட்டேன்," என்றார் டாக்டர்.

பின்சீட்டுப் பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பெல்ட்டக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. அசடு வழியச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். எஞ்சின் உறுமியது. விமானம் ஆடி அசைந்து ஓடுதளத்தின் மறுமுனைக்குப் போனது.

தன் இடத்துக்கு வந்து நின்றபோதுதான் கையைப் பார்த்தாள். பூட்டியது ஞாபகம் இருந்தது. இழுத்தது நன்றாகவே ஞாபகம் இருந்தது, விரலில் இன்னும் எரிந்தது. சொருகியது?

சொருகினேனே. சொருகாமல் எப்படி? எத்தனை வருஷமாகச் செய்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தைத் தேடினால் அங்கே டாக்டர் பல்லைப் பற்றிச் சொன்னதும் பையன்கள் சிரித்ததும்தான் இருந்தன. துணி மடிந்த உணர்வு விரலில் இல்லை.

விமானம் எதிரே ஓடி வந்து எழும்பியது. அவளைத் தாண்டும்போது கதவின் அடியில் சாம்பல் நிறத்தில் எதுவோ துடித்தது. நாக்கு மாதிரி. வெயில் கண்ணில் அடித்தது. நிழலாகக்கூட இருக்கலாம். நிழல்தான். நிழலாக இருக்கட்டும்.

அவ்வளவு இறுக்கி இழுத்தால் வால் அவ்வளவு நீளமாக மிஞ்சும். அது கதவிடுக்கில் வெளியே மாட்டிக்கொண்டால் காற்றில் விமானத்தின் உடம்பை அடிக்கும். பெல்ட் அறுந்துவிடாது, கதவும் திறந்துவிடாது. ஆபத்து சத்தத்தில்தான். வேறொரு கிளப்பில் நடந்ததை டீ குடிக்கும்போது விமானிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். உள்ளே இருப்பவருக்கு எஞ்சினே உடைந்து சிதறுகிற மாதிரி கேட்குமாம். அந்த விமானி பதறிப்போய், தாழ்வான உயரத்திலேயே சட்டென்று திருப்பி, வயலில் குப்புற இறக்கிவிட்டார். கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு சாண் பெல்ட். அந்தக் கதை சொல்லப்பட்ட நாளில் பல் டாக்டர் கிளப்பில் சேர்ந்திருக்கவில்லை.

ரேடியோ மேஜை ஓடுதளத்தின் அந்தக் கோடியில், பந்தலுக்குக் கீழே இருந்தது. நடந்தாள். ஓடக்கூடாது. ஓடினால் எல்லா விமானமும் நின்றுவிடும், ஓரமாகக் கம்பம் நட்டுக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அத்தனை பெற்றோரும் பிள்ளைகளை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அத்தனையும் ஒரு நிழலுக்காகவா? இன்னும் வேகமாக நடந்தாள். நடையா ஓட்டமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஏரிக்குப் போகவேண்டிய விமானம் ஏரிக்குப் போகவில்லை. மரங்களுக்கு மேலேயே ஒரு இறக்கை சாய்ந்தது. தாழ்வாக.

பெல்ட்டக்கா ஓடினாள்.

விசில் ஒலித்தது. வரிசையில் நின்ற விமானங்களின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கயிற்றோரம் கூட்டம் எழுந்து நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. எதையும் அவள் பார்க்கவில்லை. ஒரு செருப்பு கழன்று போனதும் தெரியவில்லை.

"சார்... வாலு... நான் சொருகலை," என்றாள். மூச்சு முட்டியது. "பெல்ட்டு வெளில அடிக்குது. அவருக்கு எஞ்சின்னு தோணும்."

ஸ்டேஷன் எழுந்தார். மைக்கின் பொத்தானை அழுத்தி அவள் வாயருகே நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

"டாக்டர், நான் பெல்ட்டக்கா. தடதடன்னு சத்தம் கேக்குதா?"

கரகரப்பு. அப்புறம் டாக்டரின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ தகர டப்பாவைக் குச்சியால் அடிப்பதுபோல ஒரு சத்தம். "கேக்குது. எஞ்சின்ல என்னமோ ஆயிடுச்சு. திரும்பிட்டிருக்கேன்."

"எஞ்சின் இல்ல டாக்டர். பெல்ட்டு. எம் பொண்ணு பெல்ட்டோட வால் கதவுக்கு வெளில மாட்டிக்கிச்சு. நான்தான் விட்டுட்டேன். சத்தம் மட்டுந்தான், வேற ஒண்ணுமில்ல. கதவைத் தொடவேண்டாம்."

பதில் வரவில்லை. தகர டப்பாச் சத்தம் மட்டும் வந்தது. இறக்கை இன்னும் சாய்ந்தே இருந்தது.

ஸ்டேஷன் குனிந்து, பிளாட்பாரத்தில் அறிவிப்பு செய்கிற குரலில் பேசினார். "டாக்டர், எஞ்சின் மீட்டர் ஊசியெல்லாம் பாருங்க. என்ன சொல்லுது?"

பெல்ட்டக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. அந்தக் குழந்தை ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் போச்சு.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றது ரேடியோ. கொஞ்சம் பொறுத்து, வேறொரு ஆளின் குரலைப்போல, "ஆமா. சரியா இருக்கு."

சாய்ந்த இறக்கை நிமிர்ந்தது. விமானம் மேலேறி, அகலமாக வளைந்து, முறைப்படி சுற்றிக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்தது. தரையைத் தொட்டு ஒரு துள்ளு துள்ளியது. பிறகு உருண்டு வந்து நின்றது.

கதவுக்குக் கீழே வண்ணம் உரிந்து ஒரு விசிறி வடிவம் விழுந்திருந்தது. வாலின் நுனி பிரிந்து பஞ்சாகியிருந்தது.

டாக்டர் இறங்கி, விமானத்தின் மேல் கையை ஊன்றி நின்றார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "ஏரி எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு அக்கா. நல்லவேளை சொன்னீங்க," என்றார். "இன்னிக்கு நான் இனி ஓட்டலை. என் கை சரியா இல்லை."

பையன்கள் இருவரும் ஓடாமல், ஆனால் ஓடுவதைவிட வேகமாகக் கயிற்றுப் பக்கம் போனார்கள். மகள் கடைசியாக இறங்கினாள்.

"பயந்துட்டியாடி?"

"சத்தத்துக்குப் பயப்படலை. டாக்டர் என்னைப் பாத்து, ஒண்ணுமில்லம்மான்னு சிரிச்சார் பாரு, அப்பத்தான் பயந்துட்டேன். பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி அப்படித்தானே சிரிப்பாங்க."

பெல்ட்டக்கா மஞ்சள் கோட்டைக் கழற்றி, மடித்து, ஸ்டேஷனிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். "கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்மா. செருப்பு மேஜைக்கடியில இருக்கு."

எல்லா விமானங்களின் பெல்ட்டுகளையும் கதவுகளையும் பார்த்து முடிக்க நேரமாயிற்று. அதற்குள் கொஞ்சம் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பேர் நின்றார்கள். முதல் விமானம் மறுபடி தயாரானது. இந்தமுறை ஓட்டப்போவது கிளப்பிலேயே பழைய ஆள்.

மகள் கயிற்றருகே வந்தாள். "அம்மா, நான் ஏரியைப் பாக்கவே இல்லை."

பெல்ட்டக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டுமா?"

இத்தனை வருஷமாக அவள் அப்படிக் கேட்டதில்லை. விடமாட்டியா என்று சண்டைதான் போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கு நின்றுவிடுவாள். அந்த வார்த்தை பெல்ட்டக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கு மட்டுமில்லை, இனி எப்போதும் நின்றுவிடுவாள் என்பதும் கூடவே தெரிந்தது. அம்மா மாட்டிய பெல்ட்டுக்குள் பயந்துபோன பெண்ணாகவே கடைசிவரை இருந்துவிடுவாள்.

"வாலை மடிச்சு உள்ள சொருகிக்கோ," என்றாள். "ரொம்ப இறுக்காதே."

பெல்ட் மாட்டியது ஸ்டேஷன். கதவைச் சாத்தியதும் அவரே. விமானம் நகரும்முன் கண்ணாடிக்குப் பின்னால் மகள் கையை உயர்த்திக் காட்டினாள். மடித்த வால். காட்டிவிட்டு உள்ளே சொருகிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு அம்மா, மகனின் சட்டைக் காலரைப் பிடித்தபடி, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றாள். "உங்க பொண்ணா? அவ்வளவு நடந்தும் மறுபடி அனுப்புறீங்களே. பயமா இல்லை?"

"ரொம்பவே இருக்கு."

"அப்புறம் ஏங்க விட்டீங்க?"

"இந்தத் தடவை நான் கட்டலை," என்றாள் பெல்ட்டக்கா.

அந்த அம்மாவுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் காலரை விட்டாள். பையன் வரிசையில் போய் நின்றுகொண்டான்.

விமானம் எழும்பியது. கதவின் அடியில் எதுவும் துடிக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். மரங்களைத் தாண்டியது. திரும்பவில்லை. நேராகப் போய்ச் சின்னதாகி, ஏரியிருக்கும் திசையில் ஒரு பொட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. நிற்கிறதா, போகிறதா? எஞ்சின் சத்தம் கேட்கிறதா, இல்லையா?

"பெல்ட்டக்கா!" ஸ்டேஷன் மேஜையிலிருந்து கத்தினார். "கயித்தை விடுங்க! கம்பம் சாயுது!"

குனிந்து பார்த்தாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். கம்பம் அவள் பக்கமாக நன்றாகவே சாய்ந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை விட்டாள்.

தூரத்தில் அந்தப் பொட்டு, ஏரிக்கு மேலே, மெதுவாக வளையத் தொடங்கியது.