கயிற்றை விடச் சொன்னவன்

லிங்கநகரில் மாடி வீடு, நிலாவெளி வீதியில் இரண்டு இரும்புக்கடை, கடலில் மூன்று படகு, பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு: ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் தனியாளாகக் கட்டியெழுப்பியவை இவை. இவற்றுக்கெல்லாம் முன்பே நான் செய்த பெரிய வேலையொன்றை ஊரில் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தாரும் நனைந்த கயிறும் மணக்கும் துறைமுகத்தில், நான் சிறுவனாக இருந்தபோது அது நடந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு நிலாவெளி விடுதியொன்றின் குசினியில் சமையல் வேலை, ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். நான் சிறு வள்ளத்தில் வாழைப்பழமும் இளநீரும் ஏற்றிப்போய்க் கப்பல்காரருக்கு விற்றேன். ஒரு மாரிக்காலத்தில் ஸ்பானியக் கப்பலொன்று பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. அதன் சமையற்காரன் மேலே நின்று "வென்" என்று கைகாட்டுவான். அதற்கு 'வா' என்று அர்த்தமென விளங்கிக்கொண்டேன். "சூபே" என்றால் ஏறு, "எஸ்பேரா" என்றால் பொறு, "தீரா" என்றால் இழு, "சுவெல்தா" என்றால் விடு. ரொட்டியைக் கையில் தந்து "கோமே" என்பான். கிழமை நாட்களில் என்னைச் சாப்பிடச் சொன்ன ஒரே குரல் அது. ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் வழியில், எங்கள் ஊர்க் கடற்கரையில் பயமின்றித் திரியும் மான்களிடம் பழத்தோலை நீட்டி "வென், கோமே" என்பேன். வந்தன. என் கட்டளைக்குத்தான் வந்தன என்று இன்றும் சொல்வேன்.

காற்றும் மழையுமான ஒருநாள், அந்தக் கப்பலிலிருந்து சரக்குத் தோணிக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்; நான் என் வள்ளத்தோடு பக்கத்தில் நின்றேன். சரக்குத் தோணியின் தலைவரைத் "தண்டையல்" என்போம். அவருடைய மச்சானின் கால், தோணியைக் கப்பலோடு கட்டிய கயிற்றின் சுருக்கில் மாட்டிக்கொண்டது. அலை தோணியைத் தள்ளத் தள்ளக் கயிறு இறுகியது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த மாலுமிக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. தோணியில் கணக்கெழுத நின்ற கிளாக்கர் ஐயா இங்கிலீசில் கத்த, அது விளங்காமல் அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ஐயோ, கால் போகுது!" என்று மச்சான் அலறினார்.

பெரியவர்களை அதட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆனாலும் வள்ளத்தில் எழுந்து நின்றேன். பிறகு "சுவெல்தா! சுவெல்தா!" என்று கத்தினேன். கயிறு விழுந்தது. கால் தப்பியது. கட்டவிழ்ந்த தோணி சாய்ந்து சில மூட்டைகள் கடலுக்குள் போயின.

தண்டையல் என் பக்கம் திரும்பினார். "ஆரடா நீ, என்ரை தோணியிலை அதிகாரம் பண்ண? பெரியாக்கள் நாங்கள் நிக்கிறது கண் தெரியேல்லையோ?"

"கால் போகப் பாத்ததண்ணை..."

"வாய் காட்டாதை! இனி இந்தப் பக்கம் கண்டனெண்டால் வள்ளத்தை உடைப்பன்."

மச்சான் காலைப் பிடித்தபடி குனிந்திருந்தார்; ஒரு சொல் சொல்லவில்லை. கத்தியது அவர்தான் என்று நினைத்துக் கப்பல்காரர் கிளாக்கர் ஐயாவின் கையைக் குலுக்கினார்கள்.

அதன்பின் நான் துறைமுகத்தை அண்ட முடியவில்லை. கப்பல் புறப்பட்ட அன்று கரையில் நின்று "எஸ்பேரா! எஸ்பேரா!" என்று கத்தினேன். அவ்வளவு தூரத்துக்கு என் குரல் போகவில்லை.

இன்று சரக்குத் தோணிகள் இல்லை, பழம் விற்கும் வள்ளங்களும் இல்லை. துறைமுகத்துப் பழைய ஆட்களைப் பற்றி ஒரு நினைவு மலர் வரப்போகிறதாம். கிளாக்கர் ஐயா ஸ்பானிய மொழி பேசி ஒரு தொழிலாளியைக் காப்பாற்றினார் என்று அதில் எழுதியிருக்கிறார்களாம். ஐயாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. மலர் போடுபவர்களே, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். சந்தேகமென்றால் மச்சானிடம் கேளுங்கள். இன்னும் இரண்டு காலாலும் நடந்துதான் சந்தைக்கு வருகிறார். இந்த முறையாவது அவர் வாய் திறக்கட்டும்.