சித்தப்பா படகுக்கு ஊற்றிய எண்ணெய்

பயப்படுவதில் நான் சின்ன வயதிலேயே கெட்டிக்காரன். மற்ற பிள்ளைகள் பாம்பைப் பார்த்துப் பயந்தால், நான் பாம்பு வரக்கூடிய புல்லைப் பார்த்தே பயந்து முடித்திருப்பேன். ஐம்பதை நெருங்கியும் அந்தத் திறமை குறையவில்லை. போன மாதம் இங்கே மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு கடைக்குக் காருக்கு இஞ்சின் எண்ணெய் வாங்கப் போனேன். அலமாரி முழுக்க நின்ற டப்பாக்களைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டிவிட்டது. "எண்ணெய் வாங்க வந்தீங்களா, எண்ணெய்ச் சட்டியில விழ வந்தீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும். எண்ணெயால் ஒரு கல்யாணமே முங்கப் பார்த்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பாவுக்கு டாக்சி. அவருடைய தம்பி, என் சித்தப்பா, துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஒரே குறை, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அப்பா சொன்னார் என்று மீசை வைத்தார். என் தாய்மாமா சொன்னார் என்று எடுத்தார். சாப்பாட்டுக் கடையில் கடைசியாக யார் எதைக் கேட்டார்களோ அதையே தனக்கும் கொண்டுவரச் சொல்வார். அந்தப் படகை வாங்கியதும் அப்படித்தான். படகுத்துறை ஜெட்டியில் மீன் வாங்கப் போனவரிடம் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவர், "படகு வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். பாவம், எப்படி இல்லை என்பது?

பழைய மரப் படகு. பின்னால் தொங்குகிற மோட்டார் கிடையாது. டீசல் இஞ்சின் படகின் வயிற்றுக்குள்ளேயே, பலகைப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் தூக்கத்தில் எழுப்பப்பட்ட தாத்தா மாதிரி நம்மை முறைக்கும். வாங்கிய புதிதில் நாலைந்து தடவை ஓட்டியதோடு சரி. அப்புறம் அது ஜெட்டியில் கட்டிக் கிடந்தது.

இந்த நிலையில்தான் சித்தப்பாவுக்கு என் பள்ளிக்கூடத்து டீச்சரைப் பிடித்துப்போனது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தினமும் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவிடும் வேலையைச் சித்தப்பா தானாகவே ஏற்றுக்கொண்டபோது, என் மேல் அவருக்கு என்ன பாசம் என்று வீடே உருகியது. நானும் உருகினேன்.

டீச்சருக்கும் சித்தப்பாவைப் பிடித்துப்போய்க் கல்யாணப் பேச்சு வந்தது. டீச்சருடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை, சிரிக்காத வாய். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதா என்று அவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அவர் முனகவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சித்தப்பாவை வீட்டுக்கு அழைத்து, பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். பதற்றத்தில் சித்தப்பா, "ஒவ்வொரு ஞாயிறும் சொந்தப் படகுல கடலுக்குப் போவேன் அங்கிள்" என்று அளந்துவிட்டார்.

"அப்பிடியே? அப்ப இந்த ஞாயிறு நானும் வாறன்" என்றார் பெரியவர்.

சனிக்கிழமை எங்கள் குடும்பமே ஜெட்டியில் கூடியது. இஞ்சினில் இருந்த எண்ணெய் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும். எதை ஊற்றுவது என்பதில்தான் சண்டை.

அப்பா தங்க நிற டப்பா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். டாக்சிக்குப் போடுவது, மெல்லிசு, விலை கூடியது. "இது போட்டா இஞ்சின் பாட்டு பாடும்டா" என்றார். லோரி ஓட்டும் என் தாய்மாமா கறுப்புத் தகர டின் ஒன்றைத் தூக்கி வந்தார். அதிலிருந்தது எண்ணெயா பாகா என்று சந்தேகம் வரும். "மச்சான், இது கெழட்டு இஞ்சின். உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். கெட்டியா ஊத்தினாத்தான் அடைச்சுக்கும் லா."

"லோரியும் படகும் ஒண்ணா?"

"அப்ப டாக்சியும் படகும் ஒண்ணா?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்து ஆமாண்ணே என்றார். மாமாவைப் பார்த்து ஆமா மச்சான் என்றார். கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர் சொன்னதுதான் நடக்கும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அப்பாவும் வீட்டுக்குப் போகவில்லை, மாமாவும் போகவில்லை. ஒருவர் கிளம்பினால் மற்றவர் ஜெயித்துவிடுவார். படகு கட்டும் கட்டைகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். கடைசியில் வயிறு ஒப்புக்கொள்ளாமல், இருவரும் ஒரே டாக்சியில், ஒரே நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

நானும் சித்தப்பாவும் மிஞ்சினோம். அவர் இஞ்சின் பெட்டியைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் பேசுவதுபோலத் தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். டாக்சி சிவப்பு விளக்கில் நின்று மூச்சு விடும். படகு அப்படியில்லை, கிளம்பினால் திரும்பும்வரை ஒரே மூச்சாகப் பாரம் இழுக்க வேண்டும். மெல்லிசு எண்ணெய் அந்தச் சூட்டில் தண்ணீராகிவிடும், பழைய வாஷர் வழியாக ஒழுகவும் செய்யும். அதுவும் அண்ணனுடையது பெட்ரோல் இஞ்சினுக்கான எண்ணெய், டீசல் புகைக்கரிக்குத் தாங்காது. மச்சானுடையதோ ரொம்பக் கெட்டி, காலையில் கிளப்பும்போது மேலே ஏறுவதற்குள் இஞ்சின் காய்ந்துவிடும். தவுக்கே இத்தனை வருஷமும் இதற்குக் கொடுத்தது டீசல் எண்ணெய், நாற்பதாம் நம்பர், இரண்டுக்கும் நடுவான கெட்டி. அதைக் குடித்துத்தான் இது உயிரோடு இருக்கிறது.

"அதையே குடுப்போம்" என்றார். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

ஜெட்டிக் கடையில் அதை வாங்கி வந்து, இஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, அளவுகோல் கம்பி இருக்கும் துளை வழியாகக் கைப்பம்பை விட்டுப் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்தோம். படகின் அடியில் கை நுழைய இடம் கிடையாதே. வடிகட்டியை மாற்றிப் புது எண்ணெயை ஊற்றினார். அது தேன் மாதிரி இறங்கியது. அப்போது எனக்கு ஒரு பாடம் சொன்னார். கம்பியை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பாலில்லாத கோப்பி ஓ மாதிரிக் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. தே தாரிக் தேநீர் மாதிரிப் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அப்போதுதான் ஓட வேண்டும். நான் பெரிய இஞ்சினியர் மாதிரித் தலையாட்டினேன். தங்க டப்பாவையும் கறுப்பு டின்னையும் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

ஞாயிறு காலை பெரியவர் குடையோடு வந்தார். பின்னால் டீச்சர், கையில் சாப்பாட்டு அடுக்கு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு டீச்சரைப் பார்ப்பதே பயம். அவர் பூப்போட்ட கவுனில் வேறு வந்திருந்தார்.

வழியனுப்ப வந்த அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் வைத்து நசுக்கலாம். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? யோசித்து, ஜெட்டியில் தொங்கிய டயருக்கும் படகுக்கும் நடுவே பழத்தைப் பிடித்து, அலை வந்து படகைத் தள்ளும்வரை காத்திருந்தார். அலை வந்தது. பழம் நசுங்காமல் வழுக்கி, எகிறி, தண்ணீரில் விழுந்து, எங்களுக்கு முன்னால் கடலைப் பார்க்கப் போய்விட்டது. பெரியவர் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படகிலிருந்த மிதவைச் சட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"நம்ம எண்ணெய் போட்டிருக்கு அங்கிள், பயப்படாம போங்க" என்றார் அப்பா. அவர் நகர்ந்ததும் மாமா குனிந்து, "என் எண்ணெய்தான் அங்கிள்" என்றார்.

ஆறு கடலில் சேரும் இடம்வரை இஞ்சின் டப்டப் என்று ஒழுங்காகவே போனது. இரு கரையிலும் பாக்காவ் என்கிற சதுப்புநில மரங்கள். தூரத்தில் பெரிய கப்பல்கள். பெரியவர் காதைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, உங்கட அண்ணன் தன்ர எண்ணெய் எண்டார். மச்சான் தன்ர எண்ணெய் எண்டார். உண்மையில ஆற்ர எண்ணெய்?"

சித்தப்பா இஞ்சின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னோடது, அங்கிள்."

"மெல்லிசான எண்ணெய்தானே இப்ப எல்லாரும் பாவிக்கினம்? அதை ஊத்தியிருக்கலாமே."

இங்கே சித்தப்பா ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மனசுக்குள் ஆமாம் சொல்லுங்க, ஆமாம் சொல்லுங்க என்று மந்திரம் போட்டேன். பெண்ணைப் பெற்றவர் நிலா சதுரம் என்றாலும் நாலு மூலையையும் எண்ணிக் காட்டுவதுதானே மரியாதை? சித்தப்பாவோ, "இந்த இஞ்சினுக்கு அது ஒத்துவராது அங்கிள்" என்றார்.

பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நிப்பாட்டும். ஒருக்காப் பாப்பம்."

இஞ்சின் நின்றது. எண்ணெய் அடங்கட்டும் என்று சித்தப்பா கொஞ்சநேரம் பொறுத்தார். கம்பியை உருவினார். நேற்றுத் தேன் மாதிரி இறங்கியது, இப்போது கன்னங்கரேல் என்று வந்தது.

சித்தப்பா சொன்ன இரண்டு பானங்களும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. எது நல்லது, எது கெட்டது என்பது மட்டும் அந்த நிமிஷம் மறந்துபோனது. என் மூளை எப்போதும்போல மோசமானதையே எடுத்துக்கொண்டது. "கோப்பி ஓ! கோப்பி ஓ!" என்று அலறினேன். "தண்ணி புகுந்துருச்சு! முங்கப் போறோம்!" ஒரு மிதவைச் சட்டையை மாட்டினேன். போதாது என்று இன்னொன்றையும் அதன் மேல் மாட்டினேன். அது டீச்சருக்கு வைத்திருந்தது.

"உட்காரு" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்லும் அதே குரலில். உட்கார்ந்தேன். பயத்தைவிடப் பெரிய பயம் அது.

பெரியவர் என்னைக் காட்டினார். "பாத்தீரோ, பொடியனே சொல்லுறான். திரும்புவம். கரைக்குப் போய் அண்ணன்ர எண்ணெயை ஊத்திப்போட்டு வருவம்."

படகு ஆடியது. சித்தப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி இஞ்சின் மேல் விழுந்தது. டீச்சர் சாப்பாட்டு அடுக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க அங்கிள்" என்றார் சித்தப்பா. என் காதுகளையே நம்ப முடியவில்லை. "டீசல் இஞ்சின்ல புது எண்ணெய் சீக்கிரமே கறுத்துரும். உள்ள இருக்கிற கரிய அது எடுத்து வச்சுக்குதுன்னு அர்த்தம். அழுக்காகுறதுதான் அதோட வேலை. அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்றாரு, மச்சானும் நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா இது என் படகு. நான் பார்த்துத்தான் ஊத்தினேன். திரும்ப வேணாம்."

போச்சு. கல்யாணம் போச்சு. நாளையிலிருந்து டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்குக் கண் இருட்டியது.

பெரியவர் கையை நீட்டிக் கம்பியை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைவெளேர் என்ற கைக்குட்டையை எடுத்து, சித்தப்பா கந்தல் துணியை நீட்டுவதற்குள் அதிலேயே கம்பியைத் துடைத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். கைக்குட்டையைக் கறை உள்ளே போகும்படி மடித்து, அந்த வெள்ளைச் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

"சரி, எடும்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "பிள்ளை, தம்பிக்குப் பசிக்கும். சோத்தைப் போடு."

இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அவர் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையைப் பார்த்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பார் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். வாழ்நாள் முழுக்க டீசல் ரயில் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று வெகுகாலம் கழித்துச் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போனதும் அந்தக் கைக்குட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, "ஆள் பரவாயில்லை. என்னட்டயே இல்லை எண்டு சொன்னவன், எங்கட சொந்தக்காரருக்கும் சொல்லுவான்" என்றாராம். ஆமாம், சித்தி என்றால் டீச்சர்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பெரியவர் கறைபட்ட கைக்குட்டையைச் சாட்சிக்கு எடுத்துப் போகிறார் என்றே நினைத்தேன். நாளைக்கே போலீசில் கொடுப்பார், நாற்பதாம் நம்பர் எண்ணெய் ஊற்றிய குற்றத்துக்குச் சித்தப்பாவைப் பிடித்துப் போவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில், கழற்ற மறந்த இரண்டு மிதவைச் சட்டைகளோடு, சித்தப்பா முதுகைக் கட்டிக்கொண்டு வீடுவரை அழுதுகொண்டே வந்தேன். கல்யாணம் நின்றுபோன மனிதர் எதற்காக வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வருகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.