சாக்குக்குள் இருந்தவர்

ஒல்லாந்தர் காலத்தில் செத்துப்போன ஒரு கள்ளன் பட்டப்பகலில் எனக்குள் புகுந்துவிட்டான் என்று நான் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. திருக்கேதீஸ்வரத்துப் பாலாவித் தீர்த்தத்தில் உடுப்போடு முழுகினேன். கையில் நூல் கட்டினேன். கள்ளனுக்குச் சுருட்டு வாங்கினேன்; அவன் என்ன சுருட்டுப் பிடிப்பான் என்று தெரியாததால் கடையில் இருந்ததில் விலை கூடியதையே வாங்கினேன். கூத்தில் பபூன் வேடம் கட்டி ஊரைச் சிரிக்கவைக்கிற, சொந்தமாக ஓட்டோ வைத்திருக்கிற, ஐம்பதைத் தொட்ட ஒரு மனிதன் செய்கிற வேலையா இது? செய்தேன்.

அவனை எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. 'அவர்' என்போம். நெல் வரியை ஏற்றிக்கொண்டு மன்னார்க் கோட்டைக்குப் போன வண்டில்களை மறித்து, மூட்டைகளை ஏழைகளின் படலையடியில் இறக்கிவிட்டுப் போனவராம். கூட இருந்த ஒருவனே காட்டிக்கொடுக்க, பாலைமரத்தடியில் வைத்துச் சுட்டார்களாம். அந்த மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. அந்த வழியால் போகிறவர்கள் ஒரு இலைக்குழையை முறித்துக் கல்லில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வயலுக்குப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர், பெரியமடுப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர், யாராக இருந்தாலும் சரி. வைக்காமல் போனால் வழியில் ஏதாவது நடக்கும். நடக்காவிட்டாலும், நடக்கப்போகிறது என்று பயந்து நாங்களே எங்கேயாவது விழுந்து எழும்புவோம்.

அவருடைய கதையைப் படமாக எடுக்க ஒரு பிள்ளை வந்தாள். தகப்பன் எங்கள் பக்கத்து ஆள். பிள்ளை பிறந்து வளர்ந்தது வெளிநாட்டில். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் கழுவித் துடைத்து மேசையில் வைப்பதுபோலக் கதைத்தாள்.

"அங்கிள், இது டார்க்கான படம்."

"அப்ப ஏன் பிள்ளை லொறி நிறைய லைட் கொண்டுவந்தனீங்கள்?"

அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அவளுடைய கள்ளன் நல்லவன் இல்லை. கொடுத்த நெல்லைத் திருப்பிக் கேட்கிறவன். தன்னைக் காட்டிக்கொடுக்கப்போவது யார் என்ற சந்தேகத்தில் ஊரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஆளைத் தெரிந்தெடுத்துக் கொல்கிறவன். தன் முகத்தை மட்டும் காட்டமாட்டான். தலையில் ஒரு சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உண்மையாகவே தோன்றவில்லை. வேடம் என்ற சொல் காதில் விழுந்தால் என் புத்தி படலையைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். கதாநாயகனாக வந்த பொடியன் எங்கள் வெயிலில் ஒரு நாள் நின்று வாந்தியெடுத்துப் படுத்துவிட்டான். அவனுடைய உயரத்துக்கு ஒரு ஆள் வேண்டும், முகம் தேவையில்லை என்றாள். முகம் தேவையில்லாத கதாநாயகன் வேடம். என்னைக் கண்டபிறகுதான் அந்தப் பிள்ளைக்குச் சாக்கு யோசனையே வந்திருக்கவேண்டும்.

ஊராக நடிக்க ஊரையே கூப்பிட்டார்கள். அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள், ஒரு நாள் வெளியில் வரட்டும் என்று நினைத்தேன்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் அத்தானை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. அத்தான் திரும்பி வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. வரிசையில் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். "அண்டைக்கு அங்க என்னடா நடந்தது?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் என் சாறம் அவிழ்ந்த கதையைச் சொல்வேன். கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினேன், சாறம் இறங்கிவிட்டது, எடுக்கக் குனிந்தால் சுடுவார்கள், குனியாவிட்டால் மானம் போகும். ஊர் இந்தக் கதைக்கு எத்தனையோ தரம் சிரித்திருக்கிறது. அக்காவும் சிரிப்பாள். பிறகு எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சாறம்தான் வரும்.

படப்பிடிப்பு அன்று வானில் முன்சீட்டில் இருந்தேன். பாலைமரத்தடி வந்தது. இறங்கிக் குழை முறிக்கவேண்டும். நான்தானே இன்றைக்கு அவர், எனக்கு நானே குழை வைப்பதா என்று ஒரு பகிடியை அவிழ்த்துவிட்டேன். வானில் எல்லாரும் சிரித்தார்கள். வான் நிற்காமல் போனது.

உச்சி வெயில். குளக்கட்டுக்குக் கீழே வெட்டைவெளியில் எங்கள் ஆட்களைக் கோவணத்தோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் ஒருபக்கம் நின்றார்கள். நான் சாக்கைப் போட்டுக்கொண்டு கூடாரத்தால் வெளியே வந்தேன்.

"வாறார் பார் மாப்பிள்ளை! இப்பதான் பாக்கிற மாதிரி இருக்கிறார்."

"மச்சான், அப்பிடியே வீட்டை போ. மனிசி சந்தோசப்படும்."

சாக்குக்குள் உமியும் எலிப்புழுக்கையும் மணத்தன. என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது. ஓட்டைகளால் பார்த்தால் உலகம் இரண்டு சல்லிக்காசு அளவு. பிள்ளை ஏதோ கத்தினாள். நான் நடக்கத் தொடங்கினேன்.

முதல் ஆளுக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டோத் தரிப்பிடத்தில் தினமும் என்னோடு வாய்காட்டுகிறவன். சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. கண் நிலத்துக்குப் போனது. அடுத்தவருக்கு முன்னால் போனேன். அவருடைய வலது கை மெதுவாக எழும்பி இடது நெஞ்சைத் தடவியது. சட்டைப்பையைத் தேடியது அந்தக் கை. அடையாள அட்டையைத் தேடியது. கோவணத்தோடு நிற்கிற மனிதன், ஒல்லாந்தர் காலத்துக் குடியானவன், வெறும் தோலில் சட்டைப்பை தேடினார். வரிசை முழுவதும் சத்தம் இல்லை. குளக்கட்டில் நின்ற மாடுகூடக் கழுத்தை ஆட்டவில்லை என்று எனக்குப் பட்டது. பின்னால் பிள்ளை, "சூப்பர், சூப்பர்" என்று தனக்குள் சொன்னது கேட்டது.

அடுத்த ஆளுக்கு முன்னால் நான் கையை நீட்டிக் காட்டவேண்டும். அதுதான் சொல்லித் தந்தது. கை எழும்பவில்லை. தலை ஆடியது. மேலும் கீழுமாக, மெதுவாக, இரண்டு தரம். சத்தியமாக நான் ஆட்டவில்லை.

அந்த ஆள் கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். அவருக்குப் படத்தில் வசனமே இல்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை," என்றார்.

அப்போது அக்கா வந்தாள். கமராவுக்கு முன்னால் குறுக்கே நடந்து வந்து எனக்கு முன் நின்றாள். இரண்டு ஓட்டைக்குள்ளும் அவள் கண்கள். என்னைப் பார்க்கவில்லை அவள். சாக்குக்குள் வேறு யாரையோ பார்த்தாள்.

நான் ஓடினேன். சாக்கைக் கழற்றிவிட்டு ஓடவேண்டும் என்ற சின்ன விசயம் தோன்றவில்லை. ஜெனரேட்டர் லொறியில் நெற்றி மோதித்தான் நின்றேன். லொறிக்காரன் தாராபுரத்து நண்பன். சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தான்.

"என்ன மச்சான், எல்லாரும் இப்பிடி விறைச்சுப் போய் நிக்கிறீங்க?"

அவன் அந்தச் சண்டை வருடங்களில் புத்தளத்தில் அகதியாக இருந்தவன். சாக்கோடு அவனுக்குப் பழக்கம் இல்லை. லொறி நிழலுக்கு வந்து குந்திய ஒரு ஆள்தான் அவனுக்குப் பதில் சொன்னார்: "கள்ளனெண்டு சொல்லிப்போட்டு எங்களுக்கு முன்னால தலையாட்டியைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டாள் பிள்ளை."

துவக்கோடு வந்து ஊரை வளைத்து, ஆண்களை வரிசையில் விடுவார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவனைக் கொண்டுவருவார்கள். அவன் பேசமாட்டான். யாருக்கு முன்னால் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதுதான் தலையாட்டி. சாக்குக்குள் இருந்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஆனால் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லையடா. நான் குழை வைக்கேல்லை. அவர் பிடிச்சிட்டார். தலையை ஆட்டினது அவர்தான்," என்று நின்றேன்.

"ஜின்னு கின்னு எண்டா எங்கட லெப்பையிட்டக் கூட்டிப் போறன், வா."

"இது எங்கட ஆள். தமிழ்ப் பேய்."

"செத்தாப் பிறகும் ரெண்டு ஒபிஸா வைச்சிருக்கு?" என்று கேட்டபடி லொறியை எடுத்தான். முழுக்கு, நூல், சுருட்டு எல்லாம் அந்தப் பின்னேரம் நடந்தவைதான். கடைசியாகப் பாலைமரத்தடியில் இறங்கிக் குழை முறித்தேன். பயத்தில் அரைமரத்தை முறித்துவிட்டேன். கல் மூடிவிட்டது. "இது குழையில்ல மச்சான், விறகு," என்றான் நண்பன். அந்தக் கொப்புக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டபோதும் என் தலை மெல்ல ஆடிக்கொண்டுதான் இருந்தது. கையால் பிடித்து நிறுத்தினேன்.

படம் எடுத்த பிள்ளைக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை வைப்பதா எடுப்பதா என்று அவள் இன்னும் யோசிக்கிறாளாம்.

அன்று பொழுது சாய முன் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் இருந்தாள். எனக்குக் கதிரையை இழுத்துப்போட்டாள்.

"கையில என்ன நூல்?"

"அவர் பிடிச்சிட்டார் அக்கா. காலமை குழை வைக்காமப் போனனான். சாக்குக்குள்ள தலை தன்ர பாட்டில—"

"கள்ளனை விடு."

"இல்லை அக்கா, உண்மையா—"

"விடு எண்டுறன். நான் ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன். பிறகு நீ சொல்லு."

அவள் சொன்னாள். அன்று காலை அத்தான் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசினைப் போட்டுவிட்டு வந்த வழியில்தான் வளைத்தார்கள். அக்கா பகல் முழுக்கக் கேம்ப் வாசலில் நின்றுவிட்டு, பொழுதுபடத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள்.

"மெசின் நிண்டுது. எண்ணெய் முடிஞ்சு நிண்டதாக்கும் எண்டு திறந்து பாத்தன். எண்ணெய் கிடந்தது. ஆரோ கைவைச்சு நிப்பாட்டியிருக்கு. அவரை விட்டிட்டாங்கள். அவர் வந்து நிப்பாட்டிப்போட்டு, திரும்பப் பிடிப்பாங்களெண்ட பயத்தில எங்கயோ போயிட்டார். மெசின் தானா நிக்குமோ, சொல்லு? அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் நான் பொட்டு வைக்கிறன்."

நான் நூலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இண்டைக்கு உன்னைச் சாக்கோட கண்டவுடன என்ர நெஞ்சு வேற என்னவோ சொல்லுது. நீ பக்கத்தில நிண்டனி. சாறத்தை விட்டுட்டுச் சொல்லு."

சாறம் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள், எழும்பி அடுப்படிக்குள் போவாள், அத்தான் அந்த வீட்டில் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருப்பார். மற்றதைச் சொன்னால் இந்த முற்றத்திலேயே அவர் சாகவேண்டும். பாலைமரத்தடியில் அத்தனை பெரிய கொப்பை முறித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலை ஆடவில்லை.

சொன்னேன்.

சாக்கு முதலில் எனக்கு முன்னால் நின்றது. பிறகு அத்தானுக்கு முன்னால் போய் நின்றது. தலையை ஆட்டியது. அத்தானின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். ஏற்றும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மெசின் ஓடுது, எண்ணெய் போகுது. போய் நிப்பாட்டு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மத்தியானம் மற்ற ஆட்களை விட்டார்கள். நான் தோட்டத்துக்குப் போனேன். பாத்திகள் நிரம்பி, தண்ணீர் நடைவழியால் ஓடிக்கொண்டிருந்தது. மெசினை நான்தான் நிப்பாட்டினேன்.