திருத்துவதா, புதிதாக வாங்குவதா

போன கிழமை மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, எங்கட ஸ்னோ தள்ளுற மெஷின் ஸ்டார்ட் ஆகுதில்லை. திருத்திறதோ, புதுசு வாங்கிறதோ?"

மெஷின்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அப்பாக்களிடம் கேட்கவேண்டிய கேள்வி என்று நினைத்துக் கேட்டிருக்கிறாள். "பெற்றோல் மணக்குதோ?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேனோ, கேட்ட உடனேயே அந்த மணம் என் மூக்குக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. விபோர்க் என்ற டேனிஷ் நகரில் மாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பாளர் ஸ்வென். மனைவியை இழந்தவர். நான் அவருக்கு உதவியாள். என் மனைவி ஊரில், யாழ்ப்பாணத்தில். நான் இங்கே ஓர் அறையில். அந்த அறையில் சத்தம் போட்டது ஹீட்டர் குழாய் மட்டும்தான். சில நாட்களில் அதற்கும் பதில் சொல்லியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

எங்கள் பனி மெஷின் கொஞ்சத் தூரம் பனியை வாரி எறியும். பிறகு இருமும், நின்றுவிடும். நாங்கள் இருவரும் அதை இழுத்துக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போவோம். அங்கே பெற்றோல், ஈரக் கையுறை, கோப்பி எல்லாம் கலந்த ஒரு மணம். ஸ்வென் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பெயர் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். நட்டுக்கும் பெல்டுக்கும் டேனிஷ் தெரிந்த எனக்கு, மனம் சரியில்லை என்று சொல்லத் தெரியாது.

திருத்துவதா, புதிது வாங்குவதா என்பதை ஸ்வெனே முடிவு செய்யலாம் என்று குடியிருப்பு நிர்வாகம் சொல்லியிருந்தது. அவரோ, "இன்னொருக்காப் பாப்பம்" என்றே நாட்களை ஓட்டினார். (அவர் பேசியது டேனிஷ்தான். இப்போது நினைத்தால் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகக் கேட்கிறது.) மெஷின் நின்றால் எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். அன்றைக்குக் கோப்பி உண்டு, பேச்சு உண்டு. தன் மனைவிக்குப் பெற்றோல் மணமே பிடிக்காது என்று ஒருநாள் சொன்னார். நான் என் மனைவியின் பெயரைச் சொன்னேன். புவனேஸ்வரி அவர் வாயில் 'பூவன்' ஆனது. அந்த ஊரில் அவளுடைய பெயரை என்னைத் தவிர வேறொருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

ஒரு காலை பனி இறுகி மெஷின் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்வென் உள்ளே கைவிட்டார். இறுகியிருந்த பனி விலகியதும், பெல்டில் மிச்சமிருந்த இழுவையில் பனி வாரும் அலகு சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றியது. கையுறை கிழிந்தது. பனியில் சில சொட்டு இரத்தம். விரல் தப்பியது. அவர் சிரித்தார்.

கீழே நான் அவர் கையில் துணி சுற்றும்போது முதல்தடவையாக என்னிடம் கேட்டார்: "நீ என்ன சொல்லுறாய்?"

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலோடு எது போய்விடும் என்பதும் தெரியும்.

"புதுசு வாங்குங்கோ" என்றேன்.

மற்றக் கையால் மெஷினை ஒருதரம் தட்டிவிட்டு, "ஓம்" என்றார்.

புதியது வந்தது. அதற்கு ஓர் ஆளே போதும். பழுதானால் கடைக்காரரே வண்டியில் ஏற்றிப் போவார். என்னைப் பக்கத்துக் கட்டடத்தின் படிகளைக் கழுவ விட்டார்கள். படிக்கட்டு யன்னலால் பார்ப்பேன்: ஸ்வென் தனியே பனியை எறிந்தபடி போவார், கை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். பழுதான மெஷின் ஒன்று இல்லாமல், "கோப்பி குடிக்க வா" என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பனி கரைந்தபோது எனக்குப் பிரெடெரிசியா நகரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பிறகு மனைவியும் வந்து சேர்ந்தாள். அவளை ஸ்வெனுக்குக் காட்டவென்று ஒருநாள் விபோர்க் போனோம். கதவில் வேறு பெயர். அவர் இறந்துவிட்டார் என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். நிலக்கீழ் அறையில் சைக்கிள்கள் நின்றன.

இப்போது அந்தக் குடியிருப்பில் பராமரிப்பாளர் என்று எவரும் குடியிருப்பதில்லை. பனி கொட்டினால் எங்கிருந்தோ ஒரு வாகனம் வருகிறது. ஆட்கள் எழும்புவதற்குள் பாதை துப்புரவாக இருக்கிறது. துப்புரவாக்கியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. மகளிடம், "நான் வாறன், இன்னொருக்காப் பாப்பம்" என்றேன்.