பதினஞ்சு பாகம் கயிறு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நான். ஆவிக்கு முன்னால மனுசனைத்தான் சந்தேகப்படுவேன், அது என் பிறவிக்குணம். அதனால இதைக் கேட்டுட்டு நீங்க என்னைச் சந்தேகப்பட்டா தப்பே இல்லை.

எழுபதுகள்ல, தூத்துக்குடியில புதுத் துறைமுகம் வந்த புதுசு. நான் சாத்தான்குளத்துக்காரன், ஆபீஸ் கிளார்க், கடல் தெரியாது. கல்யாணம் முடிச்சது திரேஸ்புரத்துல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சும்மா தூண்டில் போடலாம்னு ஒரு சின்ன வள்ளம் வாங்கினேன். என் பொண்டாட்டி ரோஸ்லினோட அண்ணன் அந்தோணி, அந்தக் காலத்துல முத்துக்குளிச்சவர், கடல் தெரியாதவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்கமாட்டேன்னு நின்னவர். அவர்தான் நங்கூரத்துக்குப் பதினஞ்சு பாகம் கயிறு வாங்கச் சொன்னார். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். ஆழமே மூணு பாகம், எதுக்கு இவ்வளவுன்னு கேட்டேன். கடைக்காரன் வேற இவருக்குச் சொந்தம்.

"மாப்ள, கயிறு செங்குத்தா நின்னா நங்கூரம் பேந்துரும். சரிஞ்சு கெடந்தாத்தான் மண்ணைக் கடிக்கும். அஞ்சு மடங்கு வேணும்."

மனசில்லாமதான் வாங்கினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மச்சானும் நானும் தூண்டில் போடப் போயி நங்கூரம் போட்டிருந்தோம், மத்தியானம் திடீர்னு கொண்டல் காத்து, கிழக்கருந்து வர்ற காத்து, எறங்குச்சு. வள்ளம் இழுபடுது, பின்னால துறைமுகத்துக்குக் கொட்டின பாறாங்கல்லு. மச்சான் கயித்தை விட்டுக்கிட்டே போறார், விட்டுக்கிட்டே போறார், கடைசி முனையும் சரக்குன்னு அவர் கையைத் தாண்டிக் கடலுக்குள்ள போயிருச்சு. முனையை வள்ளத்துல கட்டவே இல்லை!

"நீங்கதான கட்டுனீய மாப்ள?"ன்னார். நீங்கதான் கட்டுனீயன்னு நான் கத்தினேன். வேணும்னேதான் விட்டுட்டாரோன்னு அவர் கையையே பார்த்தேன்.

நம்பினா நம்புங்க, வள்ளம் நின்னுருச்சு. கயிறு கெடையாது, நங்கூரம் கெடையாது, காத்து முகத்துல அறையுது, ஆனா கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. நான் குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டுத் துழாவினேன், ஒண்ணும் தட்டுப்படலை. மச்சான் சிலுவை போட்டுக்கிட்டார்.

"முத்துக்குளிக்கிறவனுக்கு மேலருந்து கயிறு பிடிக்கது மச்சான்தான் மாப்ள. தங்கச்சி தாலியை நெனைச்சு விடமாட்டான். நான் கைய விட்டுட்டேன். இது ஆரு பிடிக்கா?"

அழுதார். நடிப்பா இருக்குமோன்னு அதையும் சந்தேகப்பட்டேன்.

காத்து அடங்கினதும் வள்ளம் தானா நகர்ந்துச்சு, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். வாசல்ல ரோஸ்லின் நின்னா. நடந்ததை நாங்க ஒரு வார்த்தை சொல்லலை. சோறு போடும்போதுதான் பார்த்தேன், அவ ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு, குறுக்கால கயிறு அறுத்த தடம். ஏளா, என்ன இதுன்னேன்.

"கெணத்துல தண்ணி எறைச்சேன்"னா, என் மூஞ்சியைப் பார்க்காம.

எங்க வீட்டுல கெணறு கெடையாது, குழாத்தண்ணிதான். பக்கத்து வீடுகள்லயும் விசாரிச்சுட்டேன், அவளை யாரும் பார்க்கலை.

உலகத்துல எல்லாரையும் குடைஞ்சு கேட்ட நான், அவகிட்ட மட்டும் அதைத் திருப்பிக் கேட்கலை. பயம்தான், வேறென்ன. தடம் எப்பவோ ஆறிப்போச்சு. ஆனா இன்னைக்கும் கொண்டல் அடிச்சா, நான் வீட்டுக்குள்ளதான் இருப்பேன், அவ எதிர்ல ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. காத்து நின்னப்புறம்தான் விரிப்பா.