தாராவிச் சாணையில் ஏறிய கார்னெட்

போன வாரம் மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டுக்கு வர்ணம் பூச வந்தவர், கூடத்துச் சுவருக்கு "ஷைனிங்" வேண்டுமா என்று கேட்டு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே மைக்கா என்கிற காக்காப்பொன் தூள். தொட்டுப் பார்த்த விரல், சோப்புப் போட்டுக் கழுவியும் மினுங்கிக்கொண்டே இருந்தது. எண்பதுகளில் என் ஆபீஸ் கோப்புகளும் இப்படித்தான் மினுங்கும். நான் தினமும் ஏதோ கல்யாண வீட்டிலிருந்து நேரே வேலைக்கு வருகிறேன் என்று மேலதிகாரி ஒருவர் நெடுநாள் நம்பியிருந்தார்.

அப்போது மாட்டுங்காவில் குடியிருந்தேன். வெளிநாடு போகும் கனிம மாதிரிகளுக்குத் தடையில்லாச் சான்று தருகிற வேலை. விண்ணப்பம் நான்கு பிரதிகள். ஐந்தாவது கொடுப்பவரைச் சந்தேகத்தோடு பார்ப்போம்.

சாகுல் பாய் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். ராஜஸ்தானில் காக்காப்பொன் குழி நடத்திய நண்பருக்காகக் கல் வியாபாரத்துக்கு வந்தவர். காக்காப்பொன்னுக்குக் கிராக்கி விழுந்திருந்தது. ஆனால் அது கிடைத்த வெள்ளைப் பாறைக்குள்ளேயே கருஞ்சிவப்புக் கார்னெட் படிகங்கள் இருந்தன. சில எலுமிச்சை அளவு, சில கிரிக்கெட் பந்து அளவு. அளவெடுத்துச் செதுக்கியதுபோலப் பன்னிரண்டு முகங்கள். அந்தப் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர். எங்கள் ஆபீசில் அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உத்தியோக வாழ்க்கையின் சாதனை என்று வேறெதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

"நகைக்கா பாய்?" என்று கேட்டேன்.

"இல்ல சார். கண்ணாடி அலமாரில வச்சுப் பாக்கதுக்கு."

"வெறுமனே பாக்கறதுக்கா?"

"நானும் அப்படித்தான் சார் கேட்டேன்."

ஜெர்மனியில் ஒரு வியாபாரி, முதல் மாதிரி பிடித்திருந்தால் தொடர்ந்து வாங்குவதாக எழுதியிருந்தார். பிடிக்காவிட்டால் குழியை மூட வேண்டியதுதான். முப்பது பேருக்கு வேலை போய்விடும்.

மாதிரி வைக்கோல் பெட்டியில் வந்தது. வெள்ளைப் பாறைத் துண்டு ஒன்றில் பாதி புதைந்து ஒரு படிகம், பக்கத்தில் காக்காப்பொன் ஏடு, இடுக்கில் கொஞ்சம் செம்மண். மண் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது விதி. "மண்ணை நீக்கி மறுபடி கொண்டுவரவும்" என்று எழுதித் திருப்பினேன்.

நான்கு நாள் கழித்து பாய் வந்து கைக்குட்டையை அவிழ்த்தார். பாறை இல்லை, ஏடு இல்லை. முனைகளெல்லாம் மழுங்கி, பளபளவென்று ஒரு சிவப்பு உருண்டை.

"என்ன பாய் பண்ணி வெச்சிருக்கேள்?"

"நீங்க மண்ணு இருக்கப்புடாதுன்னு எழுதுனிய. நம்ம பயலுவ மலையவே எடுத்துட்டானுவ. பக்கத்து ஷெட்டு சாணை மிஷின் சும்மாதான கெடந்துச்சு. பாருங்க சார், மொகம் தெரியுது!"

தாராவியில் ஓட்டை வாளிகூடத் தேய்த்து மெருகேற்றாமல் தெருவைத் தாண்டாது. அது அவர்களுடைய தொழில் மரியாதை. ஜெர்மனிக்காரருக்கு வேண்டியதோ, பூமி கொடுத்தபடியே பாறையில் உட்கார்ந்திருக்கும் படிகம். விண்ணப்பத்தோடு இணைத்த அவருடைய ஆங்கிலக் கடிதத்தில் அது தெளிவாக இருந்தது. பாய்க்கு ஆங்கிலம் வராது. கடிதத்தைப் படித்து மூலையில் சுருக்கொப்பம் போட்டவன் நான்.

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "அப்ப குழி போச்சா சார்?"

விண்ணப்பதாரரோடு பயணம் போகக்கூடாது என்பதும் விதிதான். வயிற்றுக்கடுப்பு என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு படிகம் எடுக்க அவரோடு ராஜஸ்தானுக்கு ரயில் ஏறினேன். குழியில் தரை, செருப்பு, டீ கிளாஸ், மேஸ்திரியின் மீசை எல்லாமே மினுங்கின. மேஸ்திரி பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். படிகத்தைத் தொடாமல், சுற்றியிருந்த பாறையோடு பெயர்த்தெடுக்க ஒரு முழுப்பகல் ஆயிற்று. திரும்பும்போது பாய் அதை மடியைவிட்டு இறக்கவே இல்லை. மாட்டுங்கா வீட்டில் பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கு மண்ணை நானே தேய்த்தேன்.

"ஒரு நாள் டம்ளர் அலம்பினதில்லே. கல்லுக்கு வந்த யோகத்தைப் பாரு!" என்றாள் மனைவி.

சான்றில் "மண் இல்லை, பாறை பொருளின் பகுதியே" என்று எழுதினேன். ஆர்டர் வந்தது. குழி இன்னும் நான்கு வருஷம் ஓடியது. ஒவ்வொரு பெட்டிக்கும் பாய், "சாணைப் பக்கமே போவல சார், சத்தியமா" என்பார்.

பிறகு ஜெர்மனிக்காரர் கடையை மூடினார். "கல்லு தீரல சார். பாக்கதுக்கு ஆளுதான் தீந்துட்டு" என்று பாய் வந்து சொன்னார். தண்ணீர் இறைத்த பம்பைக் கழற்றியதும் குழியில் தண்ணீர் ஏறிவிட்டதாம். என் மேஜையையும் நான்கு பிரதிப் படிவத்தையும் அரசாங்கமே ஒழித்தது. பாயும் போய்ச் சேர்ந்தார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஜீன்ஸ் தைக்கிறார்கள். விசாரித்தேன். தையல் மிஷினிலிருந்த தமிழ் இளைஞர் நிமிராமலே, "கௌன் சாகுல் பாய்?" என்று, யாரென இந்தியில் கேட்டார்.

பாய் பெயரையாவது சொல்லிக் கேட்க முடிந்தது. குழியில் வேலை செய்த அந்த முப்பது பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. படிவத்தில் அதற்கு இடமில்லை, நானும் கேட்கவில்லை.