மாமி தட்டாத சுவர்

பூரிக்கட்டையால் சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம்... அதுதான் எங்கள் வீட்டு டெலிபோன் மணி.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு ராஜம் மாமிக்கும் ஒரே சுவர். போன் மாமி வீட்டில்தான் உண்டு. எங்களுக்கு அழைப்பு வந்தால் மாமி தட்டுவாள், அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் குஷி.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அதே சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் எங்கள் டீமையே ஒரு காலையில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்த நேரம். "பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியிலே இருக்கா" என்று சொல்லிச் சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள். வேலை போனது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். வீட்டில் மூச்சு விடவில்லை. வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பி பஸ் ஏறுவேன்...

போனது, வேலை போனவர்கள் வேறு வேலை தேடக் கம்பெனியே ஏற்பாடு செய்த கெரியர் அசிஸ்டன்ஸுக்கு. ஒரு ஹோட்டல் ஹால். ரெஸ்யூமே எழுதவும், இன்டர்வியூவில் சிரிக்கவும் சொல்லித் தந்தார்கள். சிரிக்கச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அங்கே இருந்த ஷீலா மேடம் என் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, "போன் நம்பர் எவிடே குட்டீ?" என்றார். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். பகலில் போன் வந்தால் மாமி தட்டுவாள், அம்மா போய் எடுப்பாள், இன்டர்வியூ என்பார்கள்... முடிந்தது கதை. அதுவும் மாமி காதில் விழுந்த செய்தி அரை மணியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டிவிடும்!

மேடம் விடவில்லை. மாமி வீட்டு நம்பரை எழுதினேன்.

அதற்கப்புறம் தினமும் வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயம்.

ஒரு சாயங்காலம் மாமி வாசலில் நின்றுகொண்டு, "ப்ளவுஸ் துணி எடுத்திருக்கேன், வந்து பாரேன்டி" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். துணி ஒன்றும் இல்லை.

"மத்தியானம் உனக்கு போன் வந்தது. நாளைக்குக் காலம்பற இன்டர்வியூவாம். இருந்த வேலை போயிடுத்தோடி?"

அம்மா வருகிறாளா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் சுவத்துலே தட்டலை, கேட்டயோ. உங்காத்துலே ஒரு வார்த்தை மிண்டவும் இல்லை. நீ நன்னா போயிட்டு வா."

மாமியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. கெரியர் அசிஸ்டன்ஸ் உதவியதா என்றால், உதவியது. அந்த நம்பரை எழுத வைத்ததே அவர்கள்தானே. ஆனால் பயத்துக்கு அங்கே வகுப்பு எதுவும் இல்லை.

போன மாதம் மறுபடியும் லேஆஃப்... இப்போது அசிஸ்டன்ஸ் எல்லாம் ஆன்லைனில். லேப்டாப்பில் ஒரு பெண் என்னைச் சிரிக்கச் சொல்கிறாள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மாமி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த அபார்ட்மென்ட்டில் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

அம்மா காதில் விழுந்துவிடக் கூடாதென்று போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்...